மச்சாளுக்கு: பிள்ளையைப் பந்தடிக்க விடுங்கள்

அன்புள்ள மச்சாள்,

போனில் கதைத்தால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். பெரியபிள்ளையானதோடு மகளை உதைபந்தாட்டப் பயிற்சிக்கு விடுவதில்லையாம், அண்ணா சொன்னார். “பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவராது” என்றீர்களாம்.

1921இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமும் இதையேதான் சொன்னது. சொல்லி, தன் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாதென்று ஏறக்குறைய 50 வருடம் தடுத்து வைத்தது. அதற்கு முந்திய வருடம், நத்தாருக்கு மறுநாள், லிவர்பூலில் பெண்கள் ஆடியதைப் பார்க்க 53,000 சனம் வந்திருந்தது. சரிவராததைப் பார்க்கவா அவ்வளவு பேர்?

உங்கள் பயமெல்லாம் சும்மா என்று சொல்லமாட்டேன். முழங்கால் சவ்வு கிழிவது பெடியன்களைவிடப் பொம்பிளைப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அதைக் குறைக்க பீஃபாவின் ‘11+’ என்ற வார்ம்-அப் இருக்கிறது, 20 நிமிடம். மெதுவான ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சரியாமல் பிடிப்பது. இதைச் செய்யாமல் நேரே பந்தடிக்க விட்டால் பயிற்றுநரோடு சண்டை பிடியுங்கள், நானும் வருகிறேன்.

உடுப்பு அதைவிடச் சின்ன விசயம். மாதவிடாய் நாட்களில் வெள்ளைக் காற்சட்டை கரைச்சல்தான். இங்கிலாந்துப் பெண்கள் அணியே 2023இல் நீலத்துக்கு மாறியது அதனால்தான். ரீமுக்குத் தைக்கும்போது கறுப்புக் கேளுங்கள், உள்ளே நீள லெகின்ஸ் போடட்டும். காத்தான்குடி முஸ்லிம் பிள்ளைகள் தலையை மூடிக்கொண்டும் ஆடலாம், 2014இலிருந்து விதியே இடம் தருகிறது. மொரோக்கோவின் நுஹைலா பென்சினா 2023 உலகக் கிண்ணத்தில் அப்படித்தான் ஆடினார்.

வெயிலில் கறுத்துப்போவாள் என்கிறீர்கள். மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்த நாமா மச்சாள் இதைப் பேசுவது?

வீடு வளவைப் பொம்பிளைப் பிள்ளைக்கென்றே எழுதிக் குடுக்கிற ஊர் நம்மட. அந்தப் பிள்ளைக்குப் பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் மைதானத்தைக் குடுக்க மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?

பெடியன்கள் பார்ப்பார்கள் என்றால் நீங்களும் போய் இருங்கள். இரண்டு மூன்று அம்மாமார் மதிலோரம் குந்தினால் அவர்கள் தானாகச் சைக்கிளை எடுப்பார்கள்.

பழைய பூட்ஸ் இப்போது கடிக்கும். பின்னேரத்தில் பாதத்தை அளந்து சென்ரிமீற்றரில் அனுப்புங்கள், காலையில் பாதம் கொஞ்சம் சின்னதாக இருக்கும். நான் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். அண்ணாவிடம் காசு கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சாள்