காலை ஜெப வேளை: ஜூலை 9 முதல்

சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

லுத்தரன் மிஷனெரி சீகன்பால்க் ஐயர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய நாள் ஜூலை 9. அன்று தொடங்கி ஆறு நாள், காலை 5.30 முதல் 6.00 வரை ஆலயத்தில் ஜெப வேளை. 23-ஆம் சங்கீதம், நாளுக்கு ஒரு வசனம்.

1. அவரவர் வேதாகமத்தைக் கொண்டுவாருங்கள். போனில் வேண்டாம், வாசிக்கும்போதே மெசேஜ் வந்து மனம் போய்விடுகிறது.

2. ஜெபிக்கும் முறை, 1535-இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் தம் முடிதிருத்துபவர் பேதுருவுக்கு எழுதிக் கொடுத்ததுதான். ஒரே வசனத்தில் நான்கு கேள்வி: கர்த்தர் என்ன கற்பிக்கிறார், எதற்கு நன்றி சொல்வேன், எதை அறிக்கையிடுவேன், என்ன கேட்பேன். நடுவில் ஒரு வார்த்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் மீதியை விட்டுவிட்டு மௌனமாகக் கேட்கச் சொல்கிறார் லுத்தர். அப்போது பேசுகிறவர் பரிசுத்த ஆவியானவர். தேவ சத்தம் கேட்கச் சொப்பனம், தரிசனம் என்று தேட வேண்டாம். போன லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்திய உபவாச நாட்கள்) நம் பாட்டியம்மா ஒருவர் ‘தாழ்ச்சியடையேன்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்தபடி அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துத்தான் இந்தச் சங்கீதத்தையே எடுத்தோம்.

3. வர முடியாதவர்கள் அதே நேரத்தில் வீட்டில் குடும்பமாக ஜெபியுங்கள். ஞானோபதேசத்திலுள்ள (லுத்தரின் வினா-விடைப் புத்தகம்) காலை ஜெபம், விசுவாசப்பிரமாணம், பரமண்டல ஜெபம் போதும்.

4. வசனம் வாசிக்க வாலிபர் ஆறு பேர் தேவை.

5. தனிப்பட்ட ஜெபக் குறிப்புகளை இங்கே போடாமல் நம் சபை ஐயரிடம் நேரில் கொடுங்கள்.

வருகிறவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்று ஜூலை 7 இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். வாசிக்க விரும்பும் வாலிபர்கள் எந்த நாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.