உன் கார்டில் மச்சானுக்கு ஃப்ரிட்ஜ்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. தங்கை புது வீட்டில் பால் காய்ச்சியதில் எனக்கும் சந்தோஷம். உன் கிரெடிட் கார்டுக்குத் தள்ளுபடி இருக்கிறது, அதில் ஃப்ரிட்ஜ் வாங்க மச்சான் கேட்கிறார், மறுக்க முடியாது. சரி, ஃப்ரிட்ஜை வாங்கிக் கொடு. கார்டை மட்டும் கொடுக்காதே.

நீ சம்மதித்தது உங்கள் இருவருக்குள். வங்கியைப் பொறுத்தவரை ஓடிபி போட்டவன் நீதான். வெளியாள் மோசடி செய்து, 3 வேலை நாளுக்குள் நீ தெரிவித்தால் உனக்கு நஷ்டமில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. பின் நம்பரையோ ஓடிபியையோ நீயே சொல்லியிருந்தால் கதை வேறு. வங்கிக்குத் தகவல் போகும்வரை எடுக்கப்பட்டதெல்லாம் உன் தலையில்தான் விடியும். கார்டை முன்னும் பின்னும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அதைவிட மோசம் வேறில்லை. பின்பக்கத்து ரகசிய எண்ணான சிவிவியோடு சேர்த்து அந்தப் படம் அவர் போன் கேலரியில் கிடக்கும்.

மாடலின் லிங்க்கை மட்டும் அனுப்பச் சொல். ஆன்லைன் கடையில் உன் கணக்கிலேயே ஆர்டர் போடு. முகவரியில் தங்கை பெயரும் அவள் போன் எண்ணும் இருக்கட்டும், இன்ஸ்டாலேஷன்காரர் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். வாரண்டிக்கு பில்தான் ஆதாரம், அதையும் அவளுக்கு அனுப்பிவிடு. இல்லை, அவர் கணக்கில்தான் வேண்டுமென்றால், ஞாயிறு வரும்போது அவர் போனை வாங்கி கார்டு எண்ணை நீயே தட்டு. ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் எண்ணைப் பார்க்கும் முன் தொகையையும் கடைப் பெயரையும் படி. 'கார்டைச் சேமி' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடு. 2022 அக்டோபர் முதல் கடைகள் கார்டு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்குப் பதிலான குறியீடான டோக்கன்தான். ஆனால் நீ அழிக்கும்வரை அந்த டோக்கன் அவர் கணக்கில் இருக்கும்.

கடைக்கே கார்டை எடுத்துப் போகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதே. 5,000 ரூபாய் வரை கார்டை மெஷினில் தட்டினாலே பின் நம்பர் கேட்காமல் பணம் போய்விடும்.

இனி இஎம்ஐ, அதாவது மாதத் தவணை. 'நோ காஸ்ட்' என்ற பேரைப் பார்த்து ஏமாறாதே. வட்டியைக் கடைக்காரர் விலையில் கழிக்கிறார், வங்கி அதே வட்டியை உன்னிடம் வசூலிக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு: வட்டி 1,800 என்றால் 324 ரூபாய். பிராசஸிங் கட்டணம் தனி. 42,000 ரூபாய் பொருளுக்கு உன் லிமிட்டில் முழு 42,000-உம் முடங்கி, அசல் கட்டக் கட்டத்தான் விடுபடும். மச்சான் ஒரு மாதம் தாமதித்து, நீயும் பில்லை முழுக்கக் கட்டாமல் விட்டால், நீ வாங்கிய மளிகைக்கும் வட்டி ஓடும். பெரும்பாலான கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல். ஆகவே முழுப் பணத்தையும் முதலிலேயே உன் வங்கிக் கணக்கில் போடச் சொல். ரொக்கம் வேண்டாம், கணக்கில் தடம் இருக்கட்டும்.

அடிக்கடி தேவைப்படும் என்றால் தங்கை பெயரில் ஆட்-ஆன் கார்டு, அதாவது உன் கார்டோடு சேர்ந்த கூடுதல் கார்டு, எடு. பல வங்கிகள் உடன்பிறந்தவர்களுக்குக் கொடுக்கின்றன, செலவு வரம்பும் வைக்கலாம். பில் மட்டும் உனக்குத்தான் வரும்.

பொருளைத் திருப்பினால் பணம் உன் கார்டுக்கே வரும், அவருக்கு நீதான் அனுப்ப வேண்டும். பணம் வந்ததாலேயே இஎம்ஐ நின்றுவிட்டது என்று இருந்துவிடாதே, வங்கியிடம் கேட்டு உறுதிசெய். பிராசஸிங் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. அதனால் ஆர்டர் போடும் முன் சமையலறை வாசலின் அகலத்தை அளக்கச் சொல். டபுள் டோர் அதில் நுழையுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

அன்புடன்,
ரவி