புதுத் தொட்டிக்குள் பலகை பிரிக்க இறங்குகிறவர்களுக்காக

தமிழ்நாட்டின் நகராட்சி ஆணையர்களுக்கும் பேரூராட்சிச் செயல் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்கிலோ தரைத்தள சம்ப்பிலோ சென்ட்ரிங் பலகை (வார்த்த கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் பலகை) பிரிக்க இறங்கியவர் மயங்கி விழுந்தார், தூக்கப் போனவரும் இறந்தார் என்ற செய்தி நம் சிற்றூர்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. மறுநாள் பத்திரிகையில் "விஷவாயு தாக்கி" என்று இரண்டே சொல்லில் காரணம் முடிந்துவிடும். அந்தத் தொட்டியில் ஒரு குடம் கழிவுநீர்கூட விழுந்திருக்காது. அப்புறம் விஷவாயு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் அடுத்த தொட்டியிலும் அதே சாவு நடக்கிறது.

மேல்தளம் வார்த்ததும் ஆள் இறங்கும் வாயைப் பலகை போட்டு மூடி, மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். உள்ளே சவுக்குக் கம்பும் நாட்டுப் பலகையும் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். சுவரில் கசிந்த நீரோ மழைநீரோ அடியில் முழங்கால் அளவுக்கு நிற்கும். ஈர மரத்தில் பூஞ்சையும் நுண்ணுயிரும் பெருகி, உள்ளிருக்கும் பிராணவாயுவைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. இரும்புத் தகடு துருப்பிடிப்பதற்கும் பிராணவாயுதான் செலவாகிறது. இரண்டு மூன்று வாரம் மூடிக் கிடந்தால் போதும். வெளிக்காற்றில் பிராணவாயு 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடம் ஆபத்தானது. 10-க்குக் கீழே நினைவு தப்பும். 6-க்குக் கீழே ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். வாடை அடிக்காது, இருமல் வராது. ஏணியில் பாதி இறங்கும்போதே கை நழுவும், கீழே நிற்கும் தண்ணீரில் முகம் கவிழும்.

இறங்குகிறவர் யார் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். சிற்றூரில் சென்ட்ரிங் வேலை பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. அடிப்பதும் பிரிப்பதும் ஒரே கூலிக்குள் அடக்கம். பிரிக்கும் நாளுக்குத் தனிச் சம்பளம் இல்லாததால், வேறு இடத்தில் வேலை நடக்கும்போது "அந்த டேங்கை மட்டும் பிரிச்சுட்டு வந்துடுப்பா" என்று ஒருவரையோ இருவரையோ அனுப்புவார்கள். வாய் சிறியதாக இருப்பதால் ஒல்லியான உடம்புக்காரர், பெரும்பாலும் வயதில் சின்னவர், முதலில் இறங்குவார். மேஸ்திரி பக்கத்தில் இருக்க மாட்டார். பலகைக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கும், ஆகவே அவசரம். சனிக்கிழமைக் கூலியில் குடும்பம் நடத்தும் ஒருவர் இந்த அவசரத்தை மறுத்துப் பேசமாட்டார். பேசினால் அடுத்த வாரம் அழைப்பு வராது.

இதைத் தடுக்க முதல் வழி, உள்ளே ஆளே இறங்காதபடி கட்டுவது. தொட்டியின் மூடியை அங்கேயே வார்க்காமல், தரையில் 2 அடி அகலத் துண்டுகளாகக் கம்பி கட்டி வார்த்து, தண்ணீர் விட்டுப் பதப்படுத்தி, சுவர்மேல் அடுக்கி, இடுக்கைக் கலவையால் பூசலாம். உள்ளே பலகையே வேண்டாம். பிரிப்பு வேலையும் இல்லை. வீட்டுத் தொட்டியின் அகலத்துக்கு இது தாராளமாகப் போதும். மேலே வண்டி ஏறும் இடமென்றால் மட்டும் பொறியாளர் கனத்தையும் கம்பியையும் கணக்கிட்டுத் தரட்டும். எங்களைக் கேட்டால், சிறு வீடுகளுக்கு இந்த முறையை மட்டுமே அனுமதிக்கலாம்.

அங்கேயே வார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், எதிரெதிர் முனையில் இரண்டு வாய் வேண்டும், ஒவ்வொன்றும் 2 அடிக்கு 2 அடி. வார்த்த நாளிலிருந்தே இரண்டையும் கம்பி வலையால் மட்டும் மூட வேண்டும். பிரிப்பதற்கு முந்தைய நாளே வலையை எடுத்துவிட்டு, மோட்டாரை வெளியே வைத்துக் குழாய் வழியாகத் தண்ணீரை இறைக்க வேண்டும். பெட்ரோல், டீசல் என்ஜினை உள்ளே இறக்கினால் அதன் புகையே கொல்லும். அடுத்து ஊதுவான், அதாவது காற்றைக் குழாய் வழியாக உள்ளே தள்ளும் ப்ளோயர். வாயருகே மேசை மின்விசிறி வைப்பதால் பயனில்லை, அடிக்காற்று அசையாது. ஊதுவானின் குழாய் அடித்தளத்துக்கு ஒரு அடி மேல்வரை போக வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழமுள்ள தொட்டியில் சுமார் 10 கன மீட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 2.5 கன மீட்டர் தள்ளும் ஊதுவான் அரை மணி நேரத்தில் அதை ஏழெட்டு முறை மாற்றிவிடும். ஆள் உள்ளே இருக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் பலகையைப் பெயர்க்கும்போது அதன் பின்னால் தேங்கிய காற்றும் வெளிவரும்.

மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். சுடர் அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. எரிந்தால் இறங்கலாம் என்பது தவறு. கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் சுடர் எரியும். பழைய செப்டிக் டேங்க் பக்கத்தில் இருந்தால் மீத்தேன் கசிந்து தீப்பிடிக்கவும் கூடும். வாயு அளவுமானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்ப்பதே சோதனை. உள்ளே இல்லாத பிராணவாயுவை முகக்கவசமும் ஈரத்துண்டும் உண்டாக்கித் தராது.

இடுப்பில் கட்டிய கயிற்றால், மயங்கிய 60 கிலோ ஆளைச் சிறு வாய் வழியாகத் தூக்க முடியாது. உடம்பு இரண்டாக மடிந்து சிக்கும். தோளும் தொடையும் சுற்றிய முழு உடல் பட்டை, முதுகில் கொக்கி, மேலே முக்காலியும் (வாய்க்கு மேல் நிறுத்தும் மூன்று கால் தாங்கி) கப்பியும் வேண்டும். மேலே நிற்பவர் எந்த நிலையிலும் இறங்கக் கூடாது. உள்ளே காற்றை ஊதிக்கொண்டே 112-க்கு அழைத்து, மூச்சுக்கருவியோடு தீயணைப்புத் துறையினரை வரச்சொல்ல வேண்டும். இரண்டாவது சாவு, சில இடங்களில் மூன்றாவதும், இந்த ஒன்றை மீறுவதால்தான் வருகிறது.

இனி உங்களிடம் கேட்பது. பயன்பாட்டில் உள்ள கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்படி இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. துப்புரவு வேலையை மனதில் வைத்த அந்தச் சட்டத்தின் பார்வையில் சென்ட்ரிங் தொழிலாளி வருவதில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, சுயசான்று முறையில் இணையவழியாகவே உடனடி அனுமதி கிடைக்கிறது. யாரும் நேரில் பார்க்காத அந்த அனுமதியில், தொட்டி மூடி முன்வார்ப்பா (தரையில் வார்த்து அடுக்குவதா), எத்தனை வாய், பிரிக்கும் நாள் எது என்று மூன்று கேள்விகளைச் சேருங்கள். ஊருக்கு ஒரு வாயு அளவுமானி, ஒரு ஊதுவான், ஒரு முக்காலி, இரண்டு உடல் பட்டை வாங்கி அலுவலகத்தில் வையுங்கள். பிரிக்கும் நாளில் கட்டணமின்றிக் கொடுங்கள். ஒரு மேஸ்திரி இவற்றைச் சொந்தமாக வாங்கமாட்டார்.

ஒருவர் இறந்துவிட்டால் வழக்கு பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 194-இன் கீழ் சந்தேக மரணமாகப் பதிவாகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான, தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் பிரிவு 106(1) சேர்வதற்கும், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பணியிட விபத்து மரண உதவி கிடைப்பதற்கும், எந்தக் கட்டடம், எந்த மனைக்கான அனுமதி, என்ன வேலையின்போது இறந்தார் என்பது முதல் தகவல் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். கட்டட அனுமதி ஆவணம் உங்கள் கையில் இருக்கிறது. அன்றே அதன் நகலைக் காவல் நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
சென்ட்ரிங் வேலையும் கட்டட மேற்பார்வையும் செய்கிறவர்கள்