யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழில் திருச்சி–யாழ்ப்பாணம் விமானம் பற்றி வந்த துணுக்கில், தூரம் 355 கிலோமீட்டர் என்று போட்டிருந்தீர்கள். அது சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு உள்ள தூரம். திருச்சியிலிருந்து பலாலி நேர்கோட்டில் ஏறத்தாழ 184 கிலோமீட்டர்தான். வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், கோடு மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் கரையைத் தாண்டும். பாதி நிலம், பாதி கடல். பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் இருந்தவன், எனக்கு இப்படிச் சொன்னால்தான் பிடிபடும்: விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைன் ரயில் பாதையில் இங்கிருந்து விழுப்புரம் 178 கிலோமீட்டர். யாழ்ப்பாணமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

'ஒரு மணி நேரப் பயணம்' என்றும் எழுதியிருந்தீர்கள். சரி, டிக்கெட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது விமானம் இங்கே நிற்குமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை உள்ள கணக்கு.

மகளை யாழ்ப்பாணம் பக்கத்தில் சுன்னாகத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் பேத்தியைப் பார்க்கப் போனபோது, பழைய பழக்கம், எல்லா நேரத்தையும் டைரியில் குறித்தேன். வீட்டை விட்டுக் கிளம்பியது 9.40. விமானம் மேலே எழும்பியது 1.38, பலாலியில் தரையைத் தொட்டது 2.20. ஆக, ஆகாயத்தில் இருந்தது 42 நிமிடம். விமானம் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும்தான் அதில் பெரும்பங்கு. என் மனைவி மடியில் முறுக்கு டின்னை வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க என்னிடம் நீட்டினார். நான் திறந்து கொடுப்பதற்குள் கீழே பனைமரங்கள் தெரிந்துவிட்டன. மகள் வீட்டு வாசலில் இறங்கியபோது மணி 3.55. மொத்தம் ஆறேகால் மணி நேரம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2023-இல் இதே சுன்னாகத்துக்குக் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கா வழியாகப் போனோம். 400 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே பறந்து, அப்புறம் பஸ்ஸில் ராத்திரி முழுக்க வடக்கே திரும்பி வந்தோம். காலையில் கிளம்பியவர்கள் மறுநாள் விடிகாலையில்தான் போய்ச் சேர்ந்தோம். 2025 மார்ச் கடைசியில் இந்த நேர் விமானம் வந்தது எங்களுக்குப் பெரிய உபகாரம்.

ஆனால் உங்கள் துணுக்கைப் படித்த எதிர்வீட்டுக்காரர், "சார், காலையில போயிட்டுச் சாயங்காலம் வந்திடலாமா?" என்று கேட்கிறார். பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் சாயங்காலமே ஆகிவிடும் என்றேன். நம்பவில்லை, பேப்பரில் போட்டிருக்கிறதே என்கிறார். தூரத்தைத் திருத்திப் போடும்போது, வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் எவ்வளவு நேரம் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி.