நீயும் உன் வீட்டாரும்

அம்பாசமுத்திரம்

அன்புள்ள ஜெசி,

உன் கடிதம் தூத்துக்குடிக்குப் போய், இவருடைய பைக்குள் பல நாள் ஸ்கூட்டரில் ஊர் சுற்றிவிட்டு, ஒருவழியாக இங்கே என் கைக்கு வந்தது. எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. கேட்டால் குறைந்திருக்கிறது என்பார். குடை டீச்சர் இறந்த செய்தி எனக்கும் வந்தது. அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். சிரிக்காமல் அந்த அம்மாவைப் பற்றி என்னால் எழுத முடியாது, இறந்தவர்களைப் பற்றி அப்படி எழுதக் கூடாது.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் தாழ்வாரத்தில் பேசினால் அடுப்படியில் இருக்கும் மதினிக்குக் கேட்கும். மாடியில் பேசினால் தெருவுக்கே கேட்கும். நான் சொல்லப்போவது இரண்டு பேருக்கும் வேண்டாம்.

அப்பா விழுந்தது உனக்குத் தெரியும். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணைவரை நடக்கிறார், வாக்கரைத் திட்டிக்கொண்டே. 81 வயதுக்கு இது பெரிய காரியம் என்று டாக்டரே சொன்னார். நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரியில் நடந்ததை.

எங்கோ கேள்விப்பட்டு ஒரு ஜெபக்குழு வந்தது. எந்த ஊர், எந்தச் சபை என்பதெல்லாம் வேண்டாம். நான் கீழே மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால், மயக்க மருந்தின் அசதி தெளியாத மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அக்கா வரிவரியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்பாவும் வரிவரியாகத் திருப்பிச் சொல்கிறார். காலையில் அண்ணன் பூசிவிட்ட திருநீறு நெற்றியில் அப்படியே இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் அப்பா நிறுத்தி, "பாவங்கள் மன்னியும் இல்லை அம்மா, பாவங்களை மன்னியும். இரண்டாம் வேற்றுமையை விட்டுவிடக் கூடாது" என்றார். அந்த அக்கா அல்லேலூயா என்றார்கள்.

மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் ஒரு ஆத்துமா ஆதாயமான செய்தி போனில் போய்விட்டது. சாயங்காலம் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அவ்வளவு தூரம் வந்து ஆசையாகக் கேட்டார்கள். சொல்லாவிட்டால் வருத்தப்படுவார்களே என்று சொன்னேன். கூன் பாண்டியனுக்கும் காய்ச்சலில் கிடந்தபோதுதானே திருநீறு பூசினார்கள்? இது ஒன்றும் புதிதில்லை" என்றார். எனக்கு மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்த மனிதர், புருஷனைச் சமணத்திலிருந்து இழுத்து வந்த பாண்டிமாதேவியின் பெயரை! தமிழாசிரியர் வீட்டில் பிறந்தால் பெயரே நம்மைக் கேலி செய்யும்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை ஜெசி. இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் நம்பும் என் ஆண்டவரின் பெயரைச் சொல்லி ஒரு கிழவரிடம் கைநாட்டு வாங்கிப் போனதுபோல இருந்தது. அப்பா கொடுத்தது மரியாதை. அவர்கள் அதை விசுவாசம் என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அன்பினால்தானே வந்தார்கள் என்று நீ சொல்லுவாய். ஆமாம், அன்பினால்தான். அந்த அக்கா பஸ் மாறி வந்து, ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்து, உண்மையாகவே அழுதுதான் ஜெபித்தார்கள். அதனால் முழுக் கோபமும் படமுடியாமல் தவிக்கிறேன். அப்பாவுக்காக நான் அப்படி ஒரு நாளும் வாய்விட்டு அழுததில்லை என்பது வேறு உறுத்துகிறது.

செய்தி சுற்றி அண்ணன் காதுக்கு வந்தது. அண்ணனை உனக்குத் தெரியும். 2002இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது செய்தித்தாளைக் கத்தரித்து என் கைப்பைக்குள் வைத்தவர். இந்த முறை கத்தவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அது இன்னும் மோசம்.

அதற்குள் ஆடி அமாவாசை வந்தது. எங்கள் வீட்டில் அது தீபாவளிக்கும் மேல். சொரிமுத்து அய்யனார் எங்கள் சாஸ்தா. காரையாற்றில் குடில் போட்டுத் தங்கிய கதையை ஹாஸ்டலில் உன் காது புளிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா எழுந்து நடந்தால் குடும்பத்தோடு வருவதாக அண்ணன் நேர்ந்திருந்தார். எல்லாரும் போனால் அப்பாவுடன் யார் இருப்பது? போகாதவள் நான் ஒருத்திதானே. கிளம்பும்போது வாசலில் நின்று அண்ணன் சொன்னார்: "அப்பாவிடம் நீ எதையும் ஆரம்பிக்கக் கூடாது." ஆரம்பிக்க மாட்டேன் என்றேன். மதினி சாட்சி.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது அப்பாவின் வழக்கம். இந்த வருடம் படி இறங்க முடியாது. முற்றத்தில் நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்தபடியே செய்தார். செம்பையும் தாம்பாளத்தையும் பிடித்துக்கொண்டது நான். பிடிக்கலாமா கூடாதா என்று வேதபாட வகுப்பு நடத்திக்கொண்டிருக்க நேரமில்லை. அவர் குனிந்தால் மறுபடி இடுப்பு போய்விடும். உங்கள் சபை ஐயரிடம் இதைச் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உங்களில் செத்தவர்களுக்கு என்ன செய்வீர்கள்?"

"நவம்பர் 2ஆம் தேதி கல்லறைக்குப் போய்ப் பூ வைப்போம் அப்பா."

"சோறு, தண்ணீர்?"

"இல்லை. அவர்கள் எழுந்திருப்பார்கள் என்று நம்புகிறோம்."

"எல்லாருமா?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்தது: "நானுமா?"

கன்வென்ஷன் பந்தல்களில் கேட்ட பதில்கள் அத்தனையும் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன. ஒன்றையும் வெளியே விட மனம் வரவில்லை. "நீங்களும் வரவேண்டும் என்றுதான் தினமும் கேட்கிறேன் அப்பா. இயேசு எழுந்தார் என்று நம்புகிறேன். அதனால்தான் அவரிடம் உங்களைக் கேட்கிறேன்" என்றேன். இவ்வளவுதான் வந்தது. உன் வீட்டு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கும்.

"எனக்குத் தெரியாமலா கேட்கிறாய்?"

"தெரியாமல்தான்."

"சரி. அது எங்கே எழுதியிருக்கிறது, எடுத்து வாசி."

செத்துப்போன லாசருவை இயேசு எழுப்புகிற யோவான் 11ஆம் அதிகாரம் எடுத்தேன். கண்புரையினால் அவரால் பொடி எழுத்துப் படிக்க முடியாது. காது மட்டும் பழைய வகுப்பறைக் காது. சந்தி விட்டால் நிறுத்துவார். ஒற்று விட்டால் நிறுத்துவார். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற இடத்தில் நான் நெஞ்சு படபடக்க நிறுத்தினால், "ஏன் நிறுத்துகிறாய், மேலே போ" என்கிறார். லாசரு கல்லறையை விட்டு வெளியே வந்து, முடித்துவிட்டேன். வெகு நேரம் கழித்து அப்பா பேசினார். லாசருவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மார்த்தாள் வந்து, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்கிறாள். மரியாளும் வந்து அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறாள். கவனித்தாயா? அக்காளுக்கு விளக்கம் சொல்கிறார். தங்கையிடம் விளக்கம் இல்லை, அழுதுவிடுகிறார். எழுப்பத்தான் போகிறார், பிறகு ஏன் அழ வேண்டும்? எழுதியவனுக்குக் காப்பியம் தெரிந்திருக்கிறது."

நம் இரண்டு பேரும் கேட்ட பிரசங்கங்களை அடுக்கினால் கூரையைத் தொடும். இதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நம்பாத மனிதர் சொல்கிறார்! அப்புறம் பேச்சு கிறிஸ்தவக் கவிஞர் கிருஷ்ணபிள்ளைக்குப் போயிற்று. அவருடைய காப்பியமான இரட்சணிய யாத்திரிகத்தை அப்பா பிள்ளைகளுக்கு நடத்தியவர் அல்லவா. "வைணவ வீட்டுப் பிள்ளை, கம்பனில் ஊறியவர். 1858இல் ஞானஸ்நானம் வாங்கும்போது அவருக்கு வயது 30. அதற்கப்புறம் ஐந்து பருவம் பாட அவருக்கு நேரம் இருந்தது. எனக்கு 81" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் அண்ணன் பிரசாதத்தோடு வந்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா சொல்லிவிட்டார்: "மங்கையிடம் பைபிள் வாசிக்கச் சொன்னேன். கேட்டது நான்." அண்ணன் என்னைப் பார்த்த பார்வைக்குப் பழைய நாளாக இருந்தால் தட்டு பறந்திருக்கும். இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவுக்குக் கொஞ்சம் வாசிக்கிறேன். அண்ணன் வந்து உட்காருவதில்லை. ஆனால் நேற்று திண்ணையிலிருந்து குரல் மட்டும் வந்தது: "அந்த லாசரு அப்புறம் என்ன ஆனான்?" அவனையும் கொன்றுபோட ஆலோசனை பண்ணினார்கள் என்று 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது என்றேன். "அதானே" என்றார். உயிர்த்தெழுதலை ஏற்றுக்கொள்ளவில்லை, அரசியல் மட்டும் உடனே விளங்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லக் கிளம்பிவிடாதே. இரவில் அப்பா இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. நான் காத்திருப்பது பொறுமையா, கோழைத்தனமா? மனைவியின் நடக்கையே புருஷனை ஆதாயப்படுத்தும் என்று சொல்லும் இடத்தில் பேதுரு எழுதிய "போதனையின்றி" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாக்கைப் பாதுகாத்துக்கொள்கிறேனா? அந்த ஹார்லிக்ஸ் அக்காவுக்கு இந்தக் குழப்பம் இல்லை. நேரம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது, வேகமாக வருகிறார்கள். நேரம் இல்லை என்று எனக்கும்தான் தெரிகிறது. ஆனால் அப்பாவின் பலவீனத்தைப் பயன்படுத்தி வாங்குகிற ஆமென், ஆண்டவருக்கு எதற்கு? அவரே தம் வீட்டாரிடம் அப்படி வாங்கவில்லையே. மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போக வந்தார்கள். சகோதரர்களும் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார். தம்பி யாக்கோபுக்கு அவர் தரிசனமானது உயிர்த்தெழுந்த பிறகு. கூடவே வளர்ந்தவர்களுக்கு அவரையே விளங்கவில்லை என்றால், சின்ன வயதில் நெய் டப்பாவை ஒளித்துவைத்த என்னைப் பார்த்து அண்ணன் எப்படி மனந்திரும்புவார்?

சரி, இனி உன் பிள்ளை விஷயம். அதற்குத்தானே என் பதிலுக்குக் காத்திருக்கிறாய்.

விசுவாசம் இல்லாமல் நற்கருணை எடுக்க மாட்டேன் என்று லெந்து காலத்தில் சொல்லிவிட்டான், கோவிலுக்கே வருவதில்லை, பெங்களூருக்கு அனுப்பியதே தப்பு என்று பக்கம் பக்கமாக அழுதிருக்கிறாய். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஆஸ்பத்திரியில் அப்பா சொன்ன ஆமெனைவிட உன் பிள்ளை சொன்ன மாட்டேன் நேர்மையானது. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் உங்களுக்கு இது புரியாது. பிள்ளை பிறக்கும்போதே விசுவாசியாகப் பிறந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறீர்கள். திடப்படுத்தலுக்குப் புதுச் சட்டை தைத்ததோடு வேலை முடிந்தது. இப்போதுதான் அவன் அதை நிஜமாக எடுத்துப் பார்க்கிறான். பார்க்கட்டுமே.

உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அகுஸ்தீனின் தாய் மோனிக்காளைப் பற்றிப் பேச ஏறுகிறவர்கள் அவள் அழுததை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுவார்கள். மீதிக் கதையைக் கேள். மானிகேயர் என்ற வேறு மார்க்கத்தாரோடு சேர்ந்துவிட்ட மகனோடு வாதம் பண்ணித் திருத்தும்படி ஒரு பேராயரிடம் போய்க் கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். இப்போது சொன்னால் அவனுக்கு ஏறாது, விடு, படித்துத் தானே தெரிந்துகொள்வான், நீ ஜெபி என்றார். அவரும் சிறுவயதில் அதே மானிகேயர்களிடம் வளர்ந்தவர். அவள் விடாமல் நச்சரிக்கவே சலித்துப்போய், இத்தனை கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போகாது, போ என்று அனுப்பினார். இதை மட்டும்தான் நீங்கள் சட்டம் போட்டு மாட்டுகிறீர்கள். அதற்கப்புறம் கார்த்தேஜில் மகன் பொய் சொல்லி, அம்மாவைக் கடற்கரைக் கோவிலில் விட்டுவிட்டு, இரவோடு இரவாக ரோமுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அந்த இரவு முழுவதும் அவள் கேட்டது, அவன் போகக் கூடாது என்றுதான். அது கிடைக்கவில்லை. போன இடத்தில், மிலானில், பேராயர் அம்புரோசின் பிரசங்கத்தைக் கேட்டான். 387ஆம் ஆண்டு ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றான். பெங்களூருக்கு அனுப்பியது தப்பு என்று இனி எழுதாதே.

காலையில் ஒரு வசனம், ராத்திரி ஒரு வசனம் என்று போனில் அனுப்புவதை நிறுத்து. மாமா ஐயரை விட்டுப் பேசச் சொன்னாயாம். அவர் பேசினால் விசுவாசியே வெளியே போய்விடுவார். அவன் ஊருக்கு வரும்போது கோவிலுக்கு வருகிறாயா என்று கேட்காமல், என்ன வாசிக்கிறாய் என்று கேள். நீ எதை நம்பவில்லை, சொல் என்று கேள். அவன் சொல்லும்போது அழாதே. உன்னால் அழாமல் இருக்க முடியாது என்று தெரியும், முயற்சி பண்ணு.

எனக்கு நீ செய்ய வேண்டியது இரண்டு. அப்பா பெயரைச் சங்கத்தின் ஜெபக்குறிப்பில் கொடுக்காதே. கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்கு ஞானஸ்நானத் தேதி குறித்துவிடுவார்கள். நீ மட்டும் ஜெபி, கதவைப் பூட்டிக்கொண்டு. இரண்டாவது, பாளையங்கோட்டையில் பெரிய எழுத்து வேதாகமம் இருப்பதிலேயே பெரிய எழுத்தாகப் பார்த்து வாங்கி வை. பணம் இவர் வரும்போது கொடுப்பார். யோவான் முடிந்ததும் யோபு வேண்டும் என்கிறார் அப்பா, அதில் கவிதை நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். கண்புரை அறுவை முடிந்தால் தானே வாசித்துக்கொள்வாராம், நான் சந்தியைக் கொல்லுகிறேனாம்.

பிள்ளைக்கு முந்திரிக்கொத்து அனுப்பு. டப்பாவுக்குள் வசன அட்டை வைக்காதே. வைத்தாயா இல்லையா என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

உன்,
மங்கை