வண்டிச் சாவி பத்தி உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்

அன்பான பெற்றோர்களுக்கு, வணக்கமுங்க.

இந்த தடவ பரீட்சை பத்தியோ ஃபீஸ் பத்தியோ எழுதல, வண்டி பத்தி எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், வேலையெல்லாம் முடிச்சிட்டு ராத்திரி உக்காந்து பொறுமையா படிங்க, தாத்தா பாட்டி கொண்டு வந்து விடற வீடா இருந்தா அவங்களுக்கும் படிச்சு காட்டுங்க.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம நம்ம ப்ளஸ் டூ பையன் ஒருத்தன் ஏற்காட்டுல இருந்து எறங்கறப்ப வண்டியோட விழுந்துட்டான். உசுருக்கு ஒண்ணும் இல்லீங்க, தோள்பட்டைகிட்ட எலும்பு முறிஞ்சு கைய தொட்டில் மாதிரி கட்டி வெச்சிருக்காங்க, முட்டியில இருந்து கணுக்கால் வரைக்கும் தோல் உரிஞ்சு போச்சு. அவங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் இத எழுதறேன், பேரு மட்டும் வேண்டாம்னு சொன்னாங்க.

ஆஸ்பத்திரிக்கு போய் பாத்தப்ப என்னடா கண்ணு ஆச்சுன்னு கேட்டேன். எஞ்சின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல போட்டு எறங்கிட்டு இருந்தேன் மிஸ், பின் பிரேக்க மிதிச்சிட்டே வந்தேன், ஒரு கட்டத்துல மிதிச்சா பிரேக்கே புடிக்கல, வளைவுல பஸ் ஏறி வந்துச்சு, பயந்து போய் முன் பிரேக்க மொத்தமா புடிச்சிட்டேன், கீழ ஜல்லி கெடந்துச்சு, முன் சக்கரம் அப்படியே வழுக்கிட்டு போயிடுச்சுன்னான். எஞ்சின ஆஃப் பண்ணி எறங்கணும்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டேன். யாரும் சொல்லித் தரல மிஸ், அப்பா அப்படித்தான் வருவாருன்னான்.

அப்பா பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தாரு. பெட்ரோல் மிச்சமாகும்னு பண்றது மேடம்னு சொல்ல வந்து பாதியிலயே நிறுத்திட்டாரு. அவரு நல்ல மனுசன், பையன் விழுந்ததுல இருந்து சரியா சாப்பிடக்கூட இல்ல. அவர குத்தம் சொல்ல நான் இத எழுதல. நம்ம பிள்ளைங்க வண்டி ஓட்ட கத்துக்கறது டிரைவிங் ஸ்கூல்லயோ ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போடறப்பவோ இல்லீங்க, எல்கேஜில இருந்து உங்க முதுகுக்குப் பின்னாடி உக்காந்து பதினஞ்சு வருசமா கத்துக்கறாங்க. இத சொல்லத்தான் இந்த கடிதமே.

மொதல்ல மலை எறங்கற விசயத்த முடிச்சிடறேன், ஏன்னா நம்ம ஊரு பிள்ளைங்களுக்கு கைக்கு வண்டி வந்தா மொத நாள் போற எடம் ஏற்காடுதான், அடிவாரம் தாண்டுனா 20 கொண்டை ஊசி வளைவு. பழைய டிரைவருங்க ஒண்ணு சொல்லுவாங்க, எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்குன்னு. அது வெறும் பேச்சு இல்ல. கியர்ல வெச்சுட்டே ஆக்சிலரேட்டர விட்டா எஞ்சினே வண்டிய இழுத்துப் புடிக்கும், பிரேக்குக்கு வேலை கொறையும். நியூட்ரல்ல விட்டா மொத்த பாரமும் பிரேக்கு மேலதான், விடாம மிதிச்சிட்டே வந்தா டிரம்மும் லைனரும் சூடாகி புடிப்பு போயிடும், கருகுன வாசம் வந்துச்சுன்னா அது உங்களுக்கு கடைசி எச்சரிக்கை, ஓரமா நிறுத்தி நல்லா ஆற விட்டுட்டுத்தான் கெளம்பணும். பெட்ரோல் கணக்கும் தப்புங்க, 2020 ஏப்ரல்ல இருந்து வர்ற பிஎஸ் 6 வண்டிங்க, அதாவது புகைய கொறைக்கற புது விதிப்படி செஞ்ச வண்டிங்க, பெரும்பாலும் பெட்ரோல அதுவே அளந்து விடற இன்ஜெக்ஷன் வகைதான், கியர்ல வெச்சுட்டே ஆக்சிலரேட்டர முழுசா விட்டு எறங்குனா எஞ்சினுக்கு போற பெட்ரோல அதுவே நிறுத்திக்கும். அப்புறம் ஆஃப் பண்ணி என்னத்த மிச்சம் புடிக்கறோம்?

ஸ்கூட்டில போறவங்க இன்னும் கவனமா இருக்கணும், நானும் ஸ்கூட்டிதான் ஓட்டறேன், அதனால சொல்றேன். அதுல கியர் கெடையாது, ஆக்சிலரேட்டர முழுசா விட்டு வேகம் நல்லா கொறைஞ்சதும் கிளட்ச் தானா விட்டுரும், அப்புறம் எஞ்சினோட புடிமானமே இருக்காது, வண்டி சும்மா உருளும். அதனால தொடக்கத்துல இருந்தே மெதுவா எறங்கணும், வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேத்து அழுத்திப் புடிச்சு வேகத்த கொறைச்சிட்டு விட்டுடணும், கூடவே உரசிட்டே வரக்கூடாது. வளைவுக்குள்ள வண்டி சாஞ்சு இருக்கறப்ப பிரேக்க கவ்வுறதுதான் நெறைய பேரு விழறதுக்கு காரணம், வேகத்த கொறைக்கற வேலையெல்லாம் வண்டி நேரா இருக்கறப்பவே முடிஞ்சிடணும். இன்னொண்ணு, கண்ணு எங்க பாக்குதோ வண்டி அங்கதான் போகும். எதிர்ல வர்ற பஸ்ஸையே பாத்துட்டு இருந்தா கை தானா அங்கதான் திருப்பும், வளைவு முடியற எடத்த பாக்கணும். ஏறி வர்ற வண்டிக்கு எறங்கறவங்கதான் வழி விடணும், பஸ்ஸு லாரியெல்லாம் வளைவுல முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்ப முடியும், ஹார்ன் அடிச்சிட்டு இடது பக்கம் ஒதுங்கி நில்லுங்க, அரை நிமிசத்துல அது போயிடும். பனி எறங்கிட்டா டிம் லைட்ல வாங்க, பிரைட் அடிச்சா பனியே வெள்ளையா திருப்பி அடிச்சு ரோடு தெரியாம போயிடும்.

நான் மொதல்ல ஃபிசிக்ஸ் டீச்சரா இருந்தவ, அதனால கணக்கு சொல்லாம விட மாட்டேன். 40 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு செகண்டுக்கு வண்டி 11 மீட்டர் போகும், 60ல போனா கிட்டத்தட்ட 17 மீட்டர். குறுக்க ஒரு குழந்தை ஓடுதுன்னு கண்ணு பாத்து, மூளை சொல்லி, கை பிரேக்க புடிக்கறதுக்கே ஒரு செகண்டு கிட்ட ஆயிடும், அந்த 11 மீட்டரும் வண்டி வேகம் கொறையாமத்தான் போயிருக்கும். நம்ம ஸ்கூல் கேட்டுல இருந்து எதுத்தாப்ல இருக்கற பெட்டிக்கடை வரைக்கும் வெச்சுக்கோங்க, அவ்வளவு தூரம். அதுக்கு அப்புறம்தான் பிரேக்கு புடிக்கவே ஆரம்பிக்குது. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் புடிச்சு நிக்கற தூரம் நாலு மடங்காகும். ரொம்ப நாள் கழிச்சு பேய்ற மொத மழையில இன்னும் மோசம், ரோட்டுல படிஞ்ச ஆயிலும் தூசியும் சேந்து சோப்பு தேச்ச மாதிரி ஆயிடும், அந்த மொத அரை மணி நேரம் எங்கயாவது ஒதுங்கி நின்னா தப்பே இல்ல. முன் பிரேக்க தொட்டா தூக்கி அடிச்சிடும்னு நெறைய பேரு பயப்படறீங்க, அது தப்புங்க, வண்டிய நிறுத்தறதுல பெரிய பங்கு முன் பிரேக்குக்குத்தான், வண்டி நேரா இருக்கறப்ப ரெண்டையும் சேத்து படிப்படியா அழுத்தணும், வெடுக்குனு புடிக்கக்கூடாது. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த ஸ்கூட்டருங்கள்ல இடது பிரேக்க புடிச்சாலே முன்னாடியும் கொஞ்சம் சேந்து புடிக்கற மாதிரி குடுத்திருக்காங்க, அதுக்காக வலது கைய மறந்துடாதீங்க.

இப்ப நம்ம கேட்டுக்கு வர்றேன். தெனம் காலைல எட்டே காலுக்கு நான் கேட்டுகிட்ட நிக்கறது உங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் ஹெல்மெட் போட்ட பிள்ளைங்க எத்தன பேருன்னு எண்ண ஆரம்பிச்சேன், மனசு கேக்காம பாதியிலயே விட்டுட்டேன். அப்பா ஹெல்மெட் போட்டிருக்காரு, பின்னாடி பிள்ளைக்கு இல்ல. போலீஸ் நிக்கற எடத்துக்கு மட்டும் அப்பாவுக்கு, மத்தபடி அது முழங்கையில தொங்குது. சட்டம் நாலு வயசுக்கு மேல பின்னாடி உக்காந்து வர்ற பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம்னுதான் சொல்லுது, நாலு வயசுக்கு உள்ள இருக்கற குழந்தைன்னா ஓட்டறவங்களோட சேத்துக் கட்டற பெல்ட்டும் சின்ன ஹெல்மெட்டும் வேணும், 40 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு 2022லயே விதி கொண்டு வந்துட்டாங்க.

யுகேஜி பாப்பா ஒண்ணு தெனமும் ஸ்கூட்டி முன்னாடி நின்னுட்டு வருது. பாதி தூக்கத்துல தலைய ஸ்பீடாமீட்டர் மேல சாச்சு வெச்சிருக்கும், ரெண்டு கையும் கண்ணாடி கம்பிய புடிச்சிருக்கும், காலுக்கு நடுவுல ஸ்கூல் பேகும் லஞ்ச் கூடையும். பாக்க அவ்வளவு அழகா இருக்கும், எனக்கு மட்டும் வயித்த கலக்கும். அம்மா ஒரு நாள் திடீர்னு பிரேக் புடிச்சா அம்மாவோட மொத்த எடையும் அந்த பிஞ்சு முதுகுலதான் வந்து மோதும், குழந்தையோட நெஞ்சுக்கு முன்னாடி இருக்கறது இரும்பு ஹேண்டில். தயவு செஞ்சு பின்னாடி உக்கார வைங்க, கால் ஃபுட்ரெஸ்டுக்கு எட்டற வயசு வரைக்கும் பெல்ட் போட்டு கட்டிக்கோங்க.

சுத்திப் போனா நேரமாகும்னு ராங் சைடுல வர்றது, பின்னாடி பாக்காம கேட்டு முன்னாடி யூ டர்ன் போடறது, ஹெல்மெட்டுக்குள்ள ஃபோன சொருகி பேசிட்டே வர்றது, மூணு பிள்ளைங்கள ஏத்திட்டு வர்றது, இதெல்லாம் நான் விளக்கணும்னு இல்ல. சைடு ஸ்டாண்டு மட்டும் ஒரு வார்த்தை, பழைய வண்டியா இருந்தா ஸ்டாண்டு எடுக்காமலே கெளம்பிடும், இடது பக்கம் திரும்பறப்ப அது தரையில குத்தி வண்டிய கவுத்துடும், பிள்ளைகிட்ட அந்த வேலைய குடுங்க, "ஸ்டாண்டு எடுத்தாச்சா"ன்னு கேக்கறது அதோட டூட்டி.

சேலை, துப்பட்டா பத்தி என் கதையே சொல்றேன். பல வருசம் முன்னாடி கன்னங்குறிச்சில ஒரு கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் வண்டில பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து போயிட்டு இருந்தேன், பட்டுச்சேலை, முந்தானைய சும்மா தோள்ல போட்டிருந்தேன். பின்னாடி வந்த ஒரு பால்காரரு "அக்கா சேலை சேலை"ன்னு கத்துனாரு. எனக்கு புரியறதுக்குள்ள முந்தானை சக்கரத்துல சுத்தி கழுத்துகிட்ட இழுத்துருச்சு. வண்டி மெதுவா போனதால கீழ உக்காந்த மாதிரி விழுந்தேன், இடுப்புல அடி, அவ்வளவோட போச்சு. அந்த பால்காரர் கத்தரிக்கோல் வாங்கிட்டு வந்து சேலைய வெட்டி எடுத்தது இன்னும் கண்ணுல நிக்குது. இன்னைக்கும் சக்கரத்துல சாரி கார்டு இல்லாத வண்டியில ஏறவே மாட்டேன், முந்தானைய இடுப்புல சொருகிட்டுத்தான் உக்காருவேன். பொம்பள பிள்ளைங்க துப்பட்டாவ முன்னாடி முடிச்சு போட்டுட்டு வரட்டும், அம்மாங்க கொஞ்சம் பாத்து அனுப்புங்க.

அடுத்து சாவி. பத்தாவது, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைங்க வண்டிய ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து வர்றது எங்களுக்கு தெரியாதுன்னு நெனைக்கறாங்க. 16 வயசு ஆச்சு, கியர் இல்லாத வண்டிதானேன்னு சில பேரு கேக்கறீங்க. 16 வயசுல ஓட்டலாம்னு சட்டம் சொல்றது 50 சிசிக்கு மேல போகாத கியர் இல்லாத வண்டிக்கு, அதுக்கும் லைசென்ஸ் வேணும். உங்க வீட்டு ஆக்டிவா 110 சிசி, எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட 100 சிசி. அதுக்கெல்லாம் 18 முடியணும். 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி குத்தமாச்சுன்னா 2019ல மாத்துன மோட்டார் வாகனச் சட்டப்படி பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ 3 வருசம் வரைக்கும் ஜெயிலும் 25,000 ரூபா அபராதமும் வரலாம், வண்டியோட ரெஜிஸ்ட்ரேஷன 12 மாசத்துக்கு ரத்து பண்ணலாம், அந்த பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடைக்காது. இன்சூரன்ஸ் கம்பெனியும் அடிபட்டவங்களுக்கு குடுத்த காச உங்ககிட்ட திருப்பிக் கேக்கலாம். ட்யூசனுக்கு லேட் ஆகுது, பஸ் வர்றதில்லன்னு நீங்க சொல்றது எனக்கு புரியுது, எந்த ரூட்ல பஸ் கஷ்டம்னு கிளாஸ் டீச்சர்கிட்ட எழுதிக் குடுங்க, ஒரே பக்கம் போற பிள்ளைங்கள சேத்து ஆட்டோவோ வேனோ பேசித் தர்றது என் பொறுப்பு.

ஹெல்மெட் வாங்கறப்ப ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, ரோட்டோரம் கெடைக்கற தொப்பி மாதிரி இருக்கறது போலீஸுக்குத்தான் ஆகும், தலைக்கு ஆகாது. பிள்ளைய கூட்டிட்டு போய் போட்டுப் பாத்து வாங்குங்க, கன்னத்துல இறுக்கமா இருக்கணும், தலைய ஆட்டுனா ஹெல்மெட்டும் தலையோட சேந்து ஆடணும். தாடைக்கு கீழ பட்டை போடாத ஹெல்மெட் விழற நேரத்துல தலைய விட்டு பறந்துடும். ஒரு தடவ கீழ பலமா அடிபட்ட ஹெல்மெட்ட திரும்ப போடாதீங்க, வெளிய நல்லா இருந்தாலும் உள்ள இருக்கற தெர்மாகோல் நசுங்கியிருக்கும்.

எங்கயாவது யாராவது விழுந்து கெடந்தா 108க்கு அடிங்க, ஹெல்மெட்ட இழுத்து கழட்டாதீங்க, கழுத்துல அடி இருந்தா அதுவே ஆபத்து, மூச்சுக்கு தடை இல்லன்னா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். உதவி பண்ணா கேஸ்ல மாட்டிக்குவோம்னு பயப்படாதீங்க, உதவி பண்றவங்களுக்கு சட்டத்துலயே பாதுகாப்பு குடுத்திருக்காங்க. 2021 டிசம்பர்ல இருந்து விபத்துல அடிபட்டவங்களுக்கு மொத 48 மணி நேர சிகிச்சைய அரசே இலவசமா தர்ற திட்டம் இருக்கு, திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு, காசு இல்லையேன்னு யோசிச்சு நேரத்த விட்டுடாதீங்க. நம்ம பையனையும் முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேருதான் தூக்கி உக்கார வெச்சு, ஃபோன் பண்ணி, கூடவே வந்தாங்க.

வர்ற திங்கக்கெழமையில இருந்து கேட்டுல ரெண்டு மாத்தம். லைசென்ஸ் இல்லாத பிள்ளை வண்டில வந்தா சாவிய வாங்கி ஆபீஸ்ல வெச்சிருவோம், அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்து போட்டுத்தான் எடுத்துட்டு போகணும். ரெண்டாவது, ஹெல்மெட் வாங்கிக் குடுத்தா நாள் பூரா எங்க வைக்கறதுன்னு நெறைய பேரு கேட்டீங்க, நியாயமான கேள்விதான். ஆபீஸ் பக்கத்துல இருக்கற பழைய ஸ்போர்ட்ஸ் ரூம காலி பண்ணி பலகை அடிச்சாச்சு. உள்பக்கம் மார்க்கர்ல பேரும் கிளாஸும் எழுதி அனுப்புங்க, வாட்ச்மேன் அண்ணன் காலைல எட்டு மணிக்கு தொறந்து வெச்சிருப்பாரு, சாயங்காலம் கடைசி பிள்ளை எடுத்துட்டு போற வரைக்கும் பூட்ட மாட்டாரு.

இப்படிக்கு,
உங்க பிள்ளைங்களோட தலைமையாசிரியர்,
சேலம்.