கயலுக்கு: பாட்டை ஏற்றும் முன்

அன்புள்ள கயல்,

உன் பாட்டுக்கு ஆகும் செலவு என்று நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். நாகஸ்வரம் 6,000, தவில் 6,000, பேஸ் கிடார் 4,000, ஸ்டுடியோ நாலு மணி நேரத்துக்கு 6,000, மிக்ஸிங் 12,000, மாஸ்டரிங் 3,000, அட்டைப் படம் 3,000. ஆக மொத்தம் 40,000 ரூபாய். எழுதியது, மெட்டமைத்தது, பாடியது எல்லாம் நீ. உன் கூலி என்று ஒரு வரிகூட அதில் இல்லை. முதலில் அதைச் சேர். இப்போது கைக்கு வராவிட்டாலும் சேர். உனக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிற விளம்பரக் கம்பெனி விலை கேட்டால் நீ சொல்லும் தொகைக்கு அந்த வரிதான் ஆதாரம்.

"ஸ்ட்ரீமிங்கில் போட்டது திரும்பிவிடும்மா" என்கிறாய். நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார். ஸ்பாட்டிஃபை போன்ற தளம் ஒரு பாட்டுக்கு இத்தனை என்று விலை வைப்பதில்லை. ஒரு நாட்டில் ஒரு மாதம் வந்த சந்தாவும் விளம்பரக் காசும் குவியலாகச் சேர்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமைக்காரர்களுக்கு. அந்த மாதம் ஓடிய மொத்தத்தில் உன் பாட்டு எத்தனை சதவீதமோ, அந்தப் பங்கில் அத்தனை சதவீதம் உன் பாட்டுக்கு. 30 வினாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம். மாதம் முழுக்க உன் பாட்டை மட்டுமே கேட்கிற உன் தோழியின் சந்தாவும் அந்தக் குவியலில்தான் விழுகிறது. அதில் பெரும்பகுதி அவள் ஒருநாளும் கேட்காத பாட்டுகளுக்குப் போய்விடும். கேட்பவர் காசு அவர் கேட்ட கலைஞருக்கே என்ற முறையை சவுண்ட்கிளவுட் 2021-இல் கொண்டுவந்தது. ஸ்பாட்டிஃபை அந்தப் பக்கம் வரவில்லை.

இங்கே இலவசமாகக் கேட்பவர்களே அதிகம் என்பதால் ஒரு ஸ்ட்ரீமுக்கு வருவது பைசாக் கணக்கு, அதுவும் மாதாமாதம் மாறும். வசதிக்கு 10 பைசா என்று வைத்துக்கொள். உன் பாட்டைத் தளங்களில் ஏற்றிக் காசு வாங்கித் தருகிற டிஸ்ட்ரிபியூட்டர் 15 சதவீதம் எடுத்தால் மீதி எட்டரை பைசா. 40,000 ரூபாயை எடுக்க ஏறக்குறைய 4,70,000 ஸ்ட்ரீம் ஓட வேண்டும். உன் கூலி அதற்கும் பிறகுதான்.

இன்னொன்றும் உண்டு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாவிட்டால் அதன் ஒலிப்பதிவுக்குக் காசே கிடையாது. அந்தத் தொகை மற்ற பாட்டுகளுக்குப் பிரிந்துவிடும். மாதம் ஒரு பாட்டு போடுகிறேன் என்று திட்டம் வைத்திருக்கிறாயே, அதை இதோடு வைத்துப் பார். 12 பாட்டு, ஒவ்வொன்றும் 900 என்றால் மொத்தம் 10,800 ஸ்ட்ரீம், வருமானம் பூஜ்யம். அதே 10,800 ஒரே பாட்டுக்கு ஓடினால் காசு வரும். சிறிய கலைஞரை ஓயாமல் உற்பத்தி செய்யச் சொல்லிவிட்டு, அந்த உற்பத்திக்கே கூலி மறுக்கிற ஏற்பாடு இது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. இந்த விதியை உன்னால் இப்போது மாற்ற முடியாது. வருடத்துக்கு மூன்று பாட்டு போடுவது உன் கையில் இருக்கிறது.

இனி இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயம். ரெக்கார்டிங் அன்று மைக் போடுவதற்கு முன்னால் ஸ்ப்ளிட் ஷீட், அதாவது யாருக்கு எத்தனை பங்கு என்ற தாள், எழுதிக் கையெழுத்து வாங்கு. பாட்டு முடிந்த பிறகு என்று தள்ளாதே. பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டால் எல்லாருக்கும் தன் பங்கு பெரிதாகத் தெரியும். ஓடாவிட்டால் யாரும் கையெழுத்துப் போட வரமாட்டார்கள்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பதிவு செய்த ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. ஷீட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடு, ஒவ்வொன்றிலும் கூட்டினால் 100 வரவேண்டும். முழுப்பெயர், என்ன செய்தார், சதவீதம், பான் எண், யு.பி.ஐ. எண், கையெழுத்து, தேதி. "செலவு போக மீதியில் பங்கு" என்று எழுதினால் எந்தச் செலவு, எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுது. அந்த 40,000-ஐத் தவிர வேறு எதையும் பின்னால் சேர்க்க மாட்டேன் என்று ஒரு வரி. கம்பெனிகள் கலைஞரின் பங்கை விழுங்குவது இந்தச் செலவுக் கட்டத்தில்தான். நீ அதைச் செய்யக்கூடாது.

நாகஸ்வரக்காரர் விஷயத்தில் கவனமாக இரு. இரண்டாவது சரணத்துக்கு முன் வரும் 16 பார் துண்டை அவரையே வாசிக்கச் சொல்லியிருக்கிறாய். நீ மெட்டுச் சொல்லிக் கொடுத்து அவர் வாசித்தால் அவர் நிகழ்த்துகிறவர். அவரே உருவாக்கினால் அந்த இடத்துக்கு அவர் இசையமைப்பாளர். நம் பதிப்புரிமைச் சட்டம் இசையமைப்பாளர் என்பவர் ஸ்வரம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. இசையைப் படைத்தவர் எவரோ அவரே இசையமைப்பாளர். ஸ்டுடியோவில் "அண்ணே, ஏதாவது வாசிங்க" என்று சொல்லி வாங்கி, கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, அதையே பாட்டின் அடையாளமாக வைத்துக்கொள்வது காலங்காலமாக நடக்கிற திருட்டு. மெட்டுக் கட்டத்தில் அவருக்கு ஒரு பங்கு எழுது. 10 சதவீதம் நியாயம் என்று நினைக்கிறேன், ஆனால் அவரோடு பேசி முடிவு செய். தவிலுக்கும் பேஸுக்கும் மாஸ்டரில் தலா 5 சதவீதம். கூலியை அன்றைக்கே முழுதாகக் கொடு. பங்கு கூலிக்குப் பதிலாக அல்ல, கூலிக்கு மேல்.

உன் பாட்டில் நீ சேர்த்திருக்கிற ஒப்பாரி வரிகளைப் பற்றி. "மரபுப் பாடல்" என்று கிரெடிட் போட்டால் போதும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உனக்குப் பாடிக் காட்டிய அந்த ஆச்சியிடம் போய்க் கேள்: எது கேட்டு வந்த வரி, எது அவர் கட்டிய வரி. ஒப்பாரி பாடுகிறவர்கள் செத்தவரின் பெயர், ஊர், உறவு பார்த்து அந்த இடத்திலேயே வரி கட்டுவார்கள். அப்படிக் கட்டியவை அவருடையவை, அவர் பாடலாசிரியர். உன் போனில் பதிவு செய்த அவர் குரலைப் பாட்டின் தொடக்கத்தில் போடுவதற்கும் அவர் சம்மதம் வேண்டும். நிகழ்த்துகிறவருக்குச் சட்டம் 50 வருட உரிமை தருகிறது, நிகழ்ச்சியை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டியும் உண்டு. கைநாட்டாக இருந்தாலும் வாங்கு, அவர் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரைச் சாட்சி வைத்து, தாளில் என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டிவிட்டு வாங்கு.

2021-இல் வந்த ‘என்ஜாயி எஞ்சாமி’ உனக்குத் தெரியும். உலகம் முழுக்கக் கேட்ட தனிப்பாட்டு. யாருக்கு எவ்வளவு கிரெடிட் என்று ஊரே சண்டை போட்டது. 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று பொதுவில் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பைச் சொன்னது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அவ்வளவு பெயர் எடுத்த பாட்டுக்கே இந்த நிலை வரலாம் என்றால், உன் பாட்டுக்குத் தாள் எவ்வளவு தேவை என்று யோசி.

டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கித் தருவது மாஸ்டர் காசு மட்டும். வரிக்கும் மெட்டுக்கும் உள்ள காசு ஐ.பி.ஆர்.எஸ். வழியாக வரும். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற அமைப்பு அது, 1969-இல் தொடங்கி, 2017-இல் பதிப்புரிமைச் சங்கமாக மறுபடி பதிவானது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று இரண்டு வகையிலும் உறுப்பினராகு. சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்: தலைப்பு, பங்குகள், ஐ.எஸ்.ஆர்.சி. எண் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). பல பேர் உறுப்பினர் ஆனதோடு நிறுத்திவிட்டு, காசு வரவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். பதிவில் நீ போடும் பங்கும் ஸ்ப்ளிட் ஷீட்டும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் தகராறு என்று நிறுத்தி வைப்பார்கள். நாகஸ்வரக்காரரையும் சேரச் சொல். படிவம் நிரப்ப நீ கூட இருந்து உதவு. பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் இஸாம்ரா என்று தனிச் சங்கம் இருக்கிறது, தவில்காரருக்கும் அதைச் சொல்.

ஐ.எஸ்.ஆர்.சி. என்பது எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட, ஒலிப்பதிவுக்கான அடையாளம். ரீமிக்ஸுக்கும் சுருக்கிய வடிவத்துக்கும் புது எண். அதே பதிவுக்கு ஆயுள் முழுக்க அதே எண். டிஸ்ட்ரிபியூட்டர் மாறும்போது புது இடத்தில் அதே ஆடியோ ஃபைல், அதே எண், அதே பெயர்களோடு ஏற்றி, அது வெளியில் தெரிந்த பிறகுதான் பழையதை எடுக்கச் சொல். முதலிலேயே எடுத்துவிட்டால் ஸ்ட்ரீம் எண்ணிக்கையும் பிளேலிஸ்ட் இடமும் போய்விடும். வருடக் கட்டணம் வாங்குகிற இடங்களில் பெரும்பாலும் கட்டணம் நின்றால் பாட்டும் இறங்கும். கையெழுத்திடும் முன் அதைப் படி.

உன் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி எழுது. கயல்விழி என்பதில் ‘ழி’க்கு ஒருமுறை இசட்-எச், இன்னொருமுறை வெறும் எல் போட்டால் தளம் இரண்டு பாடகிகளாக்கிவிடும், கேட்பவர்களும் இரண்டாகப் பிரிவார்கள். ஏற்றுவதற்கு 24 பிட் வேவ் ஃபைல், அட்டை 3,000 × 3,000 பிக்ஸல், அதில் இணைய முகவரியோ விலையோ வேண்டாம். வெளியீட்டுக்கு நாலு வாரம் முன்னாலேயே ஏற்று. பிளேலிஸ்ட் தொகுக்கிற ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்குப் பரிந்துரைப்பதைக் குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால்தான் உன்னைப் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் நீ காட்டிய பாட்டு தானாக வரும். அமெரிக்காவிலிருந்து வரும் காசுக்கு டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்பு. நிரப்பாவிட்டால் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி இந்தியருக்கு 15. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டுக் கடைசியில் அது காலாவதி ஆகும்.

"3,000 ரூபாய்க்கு 50,000 ஸ்ட்ரீம்" என்று இன்ஸ்டாவில் வருகிறவர்களிடம் போகாதே. அது ரோபோக் கணக்கு. கண்டுபிடித்தால் தளம் அந்த எண்ணிக்கையை அழித்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடும், அவர் உன் தலையில் கட்டுவார் அல்லது பாட்டையே இறக்கிவிடுவார். நீ கேட்காமலே அப்படி ஒரு பிளேலிஸ்டில் உன் பாட்டைச் சேர்த்துவிடுவதும் உண்டு. உனக்கு ஆளே தெரியாத ஒரு நகரத்திலிருந்து திடீரென்று ஆயிரக்கணக்கில் வந்து, சேமித்தவர்கள் ஐந்து பேர்கூட இல்லையென்றால் சந்தேகப்படு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றே டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுது.

விளம்பரக் கம்பெனி அனுப்பிய ஒப்பந்தத்தில் "இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுதும், என்றென்றைக்கும்" என்று இருக்கிறது. காரணம் உண்டு. காலம் எழுதாவிட்டால் நம் சட்டப்படி 5 வருடம்தான், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான், அன்றைக்கு இல்லாத ஊடகத்தைக் குறிப்பிடாவிட்டால் அது சேராது. அதனால்தான் அவர்கள் எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். ஒரு வருடம், இந்தியா, டிவியும் இணையமும் என்று திருத்தி அனுப்பு. "ராயல்டி உள்பட மொத்தத் தொகை" என்ற வரியைப் பார்த்துப் பயப்படாதே. 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஆனால் பாடகியான உன் குரலுக்கு அந்தப் பாதுகாப்பு அதே அளவுக்கு இல்லை, ஆகவே உன் குரல் ஸ்டெம்மை, அதாவது வாத்தியம் இல்லாமல் உன் குரல் மட்டும் உள்ள ஃபைலை, தனியாகக் கேட்டால் கேள்வி கேள். எதற்கு வேண்டும்? ஏ.ஐ. பயிற்சிக்கும் குரல் நகலுக்கும் பயன்படுத்தக்கூடாது என்று எழுதச் சொல். அரிஜித் சிங் தன் குரல் நகலெடுக்கப்பட்டதற்கு எதிராக 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். அவரிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். உன்னிடம் இருப்பது கையெழுத்துக்கு முந்தைய ஒரு வாரம்.

செலவை எடுக்க ஒரு நேர்வழியும் இருக்கிறது. பாட்டை முதலில் உன் ஆட்களுக்கு 150 ரூபாய்க்கு யு.பி.ஐ.யில் விற்று, லிங்க் அனுப்பு. வரிகள் அச்சிட்ட ஒரு தாளும், அந்த ஆச்சியின் முழு ஒப்பாரியும் சேர்த்து. 200 பேர் வாங்கினால் 30,000. மேலே போட்ட கணக்கில் அது மூன்றரை லட்சம் ஸ்ட்ரீமுக்குச் சமம். ஒரு மாதம் கழித்துத் தளங்களில் ஏற்று. இந்த 30,000-மும் ஷீட்டில் எழுதிய பங்குப்படியே பிரிய வேண்டும்.

ஷீட்டை நிரப்பியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, சதவீதம் கூட்டிப் பார்க்கிறேன். தவில்காரரின் இனிஷியல் உன் பட்டியலில் ஓரிடத்தில் ‘எம்’, ஓரிடத்தில் ‘என்’ என்று இருக்கிறது. பான் அட்டையில் எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா